தண்ணி காட்டிய பூட்ஸ்

அண்ணன் அன்றைக்கு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தான்.

வந்தால் என்ன, செருப்பு அறுந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள். சுரங்கத்தில் இறங்கிய ஆள் ஷிப்ட் முடிந்து பூட்ஸ் இல்லாமல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கேட்டில் சோதனை போட்டவர்கள் பூட்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பூட்ஸுக்குள் தங்கத்தை ஒளித்துக் கொண்டுவந்தான் என்று சந்தேகம்.

அவன் தெருமுனையில் திரும்பும்போதே எதிர்வீட்டு அக்கா குழாயடியில் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இன்னாடா கௌதமா, பூட்ஸ் எங்க?" என்றாள்.

அண்ணன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"யசோ, உன் பூட்ஸப் புடுங்கிக்கினாங்கமே," என்றான்.

ஆமாம், என் பூட்ஸ். சுரங்கத்துக்குள் போய்ப் பிடிபட்டது என்னுடைய பூட்ஸ். பெண்பிள்ளையின் பூட்ஸ் அங்கே எப்படிப் போனது என்று கேட்கிறீர்களா? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வாங்க, கூடவே வாங்க.

கால் நகரவில்லை, ஆள் நகர்ந்தாள்

வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிப் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. அவர்கள் டான்ஸ் ஆடிய கிளப்பில் ஒரு பெரிய ஹால் உண்டு. தரை முழுக்கத் தேக்குப் பலகை. எங்கள் வீட்டில் கதவைத் தவிர வேறு பலகை கிடையாது. சுவர்கூட மூங்கில் தட்டிதான். இவ்வளவு நல்ல மரத்தைக் காலுக்கு அடியில் போட்டு மிதித்திருக்கிறார்களே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் அந்த ஹால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் மார்ஜரி மிஸ் உள்ளே தனியாக இருந்தாள். ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, எப்போதும் இருமல். அவள் ஹாலின் அந்தக் கோடியில் நின்றிருந்தாள். அப்புறம் இந்தக் கோடிக்கு வந்துவிட்டாள். நடக்கவில்லை. ஓடவில்லை. கால் நகரவில்லை, ஆள் நகர்ந்தாள்.

ஐயோ சாமி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்றைக்குச் சொல்லும்போதும் கையில் மயிர் கூச்செறிகிறது, பாருங்கள். காலுக்குக் கீழே சக்கரம் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் பிரமிப்பு குறையவில்லை. அந்தக் கனத்த உடம்பு, அந்த இருமல் எல்லாம் எங்கே போனது?

"இன்னா மேன், அங்க நின்னு பாக்குறே? உள்ள வா," என்றாள் மிஸ்.

எங்கள் ஊர் ஆங்கிலோ இந்தியர்களுக்கு ஆணும் மேன்தான், பெண்ணும் மேன்தான். நான் உள்ளே போனேன். அன்றைக்கு எத்தனை தடவை விழுந்தேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு வருடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சக்கரத்தில் என்னைவிட வேகமாக யாரும் ஓடவில்லை. அதுவரை எல்லோரும் ஓடியது பழைய இரும்புச் சக்கரத் தட்டில். சாதாரண ஷூவுக்கு அடியில் வைத்து, வாரால் கட்டி, சாவி போட்டு முறுக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது தட்டு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். பெங்களூரில் பெரிய போட்டி வருகிறது என்று தெரிந்ததும் மிஸ் எங்கெங்கோ சொல்லி, ஓட்டப் பந்தயத்துக்கென்றே தைத்த தோல் பூட்ஸ் இரண்டு ஜோடி வரவழைத்தாள். கணுக்கால் வரைக்கும் கயிறு கட்டுகிற பூட்ஸ். அடியில் நான்கு ஓட்டை. அதில் சக்கரத் தட்டைத் திருகாணியால் முடுக்கிவிடலாம். ஒரு ஜோடி எனக்கு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். என் கால் பெரிசு. "பொட்டப் புள்ளைக்கு இம்மாம் பெரிய காலா? கட்டிக்கினு போறவன் செருப்பு வாங்கியே அழிஞ்சிடுவான்," என்று அம்மா புலம்புவாள். அண்ணன் குள்ளம், கால் சின்னது. எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு. வீட்டில் ஒரே ரப்பர் செருப்பை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போடுவோம். அவன் ஷிப்டுக்குப் போனால் செருப்பு எனக்கு. இந்தக் கூத்துக்காக லைனில் எங்களைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது.

மரக்கட்டை

புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஹாலில் இறங்கினேன். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தோலா அது? மரக்கட்டை! குதிகால் பக்கம் வளைய மாட்டேன் என்றது. சாக்ஸைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து ரத்தம். மிஸ் பவுடர் போட்டுப் பார்த்தாள், இரண்டு சாக்ஸ் போடச் சொன்னாள். "வீட்ல போட்டுக்கினே நட மேன், பழகிடும்," என்றாள். தட்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் நடந்தேன். சாணம் மெழுகிய தரையில் டங்கு டங்கு என்று சத்தம். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாரு வூட்ல குதிர கட்டிக்கீறாங்க?" என்று குரல் வந்தது. காயத்தின்மேல் காயம்தான் ஆனது.

அடுத்த சனிக்கிழமை தேர்வு ஓட்டம். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பெங்களூருக்கு ஒரே ஒருத்திதான் போகலாம். அந்தப் பழைய தட்டு அங்கே செல்லாது, தேர்வு ஓட்டத்திலேயே பூட்ஸோடு ஓட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு சுற்றே ஓட முடியாதவள் இருபது சுற்று எப்படி ஓடுவது? இன்னொரு ஜோடி வாங்கிய பெண்ணுக்குச் சின்னக் கால், பூப்போல நடந்தாள். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். கூச்சமில்லாமல் சத்தம் போட்டே அழுதேன்.

அண்ணன் பூட்ஸைக் கையில் எடுத்து, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

"இது உனக்குத் தண்ணி காட்டுது. நாம இதுக்குத் தண்ணி காட்டணும்," என்றான்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது உங்களுக்குத் தெரியும். எங்கள் சுரங்கத்துக்காரர்கள் பூட்ஸுக்கும் தண்ணி காட்டுவார்கள். புதுசாக வந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆழத்தில் இறங்குவார்கள். அங்கே பாறையே கொதிக்கும். மேலேயிருந்து தண்ணீர் சொட்டும், உடம்பிலிருந்து வியர்வை ஊற்றும், பூட்ஸ் உள்ளும் புறமும் ஊறும். ஊறின தோல் அந்தச் சூட்டில் காலோடு சேர்ந்து வளையும். மேலே வந்து விளக்கெண்ணெய் தடவி நிழலில் வைத்தால், சில நாளில் எப்பேர்ப்பட்ட பூட்ஸும் வழிக்கு வந்துவிடும்.

"குடு, நான் போட்டுக்கினு போறேன். ஒரே காலுதானே நம்மளுது," என்றான்.

நான் போகாத இடம்

சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கக் கூடாது. சட்டம் அது. நைனா, அண்ணன், மாமன்மார் எல்லோரும் தினமும் போய் வந்த இடம் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேலே நிற்கிற இரும்புக் கோபுரமும், அதன் உச்சியில் சுற்றுகிற பெரிய சக்கரமும்தான். அந்தச் சக்கரம் சுற்றினால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு இறங்குகிறது, ஆட்கள் போகிறார்கள் என்று அர்த்தம்.

"கீழ எப்டிண்ணா இருக்கும்?" என்று சின்ன வயதிலிருந்தே நச்சரிப்பேன்.

"அடுப்புக்குள்ள தலய உட்டாப்புல இருக்கும். போமே," என்பான்.

சில சமயம் ஆழத்தில் பாறை வெடிக்கும். தானாகவே வெடிக்கும். எங்கள் வீட்டில் அடுக்கி வைத்த தம்ளர்கள் கடகடவென்று ஆடும், சுவரில் மாட்டிய புத்தர் படம் ஒரு பக்கம் சாயும். அந்த நிமிடம் லைன் முழுக்கப் பேச்சு நின்றுவிடும். பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சக்கரம் மறுபடி ஒழுங்காகச் சுற்றினால் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பார்கள். எங்கள் காலுக்குக் கீழே எவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது என்று எனக்கு அப்போதெல்லாம் தோன்றும். பயமும் மலைப்பும் சேர்ந்து வரும்.

அந்த வாரம் என் பூட்ஸ் அங்கே போனது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நினைவு வரும். இப்போது நூறாம் லெவல் சுரங்கப் பாதைக்கும் கீழே என் பூட்ஸ் நடந்துகொண்டிருக்கிறது! பெருமை பிடிபடவில்லை எனக்கு. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும், சொன்னால் யார் நம்புவார்கள்?

சாயங்காலம் பூட்ஸ் சேறும் சகதியுமாக வரும். துடைத்து எண்ணெய் போடுவது என் வேலை. வெடிமருந்துப் புகை, ஈரப் பாறை, அண்ணனின் வியர்வை எல்லாம் கலந்த வாடை. ஒவ்வொரு நாளும் தோல் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்தது. போட்டுப் பார்க்கட்டுமா என்றால் அண்ணன் விடமாட்டான். "முழுசா படியட்டும், அவசரப்படாதே," என்பான்.

வியாழக்கிழமை வெறுங்காலோடு வந்தான்.

யாருக்குத் தண்ணி காட்டுறே?

நடந்தது இதுதான். கேட்டுக் காவலாளிகளுக்குத் தலைவராக அன்றைக்குப் புது ஜமேதார். நந்திதுர்க் சுரங்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பெயர் முனிவெங்கடப்பா, கன்னடக்காரர், தமிழ் பேசுவார். அண்ணன் காலைத் தூக்கிக் காட்டியதும் பூட்ஸ் அடியில் நான்கு ஓட்டையைப் பார்த்துவிட்டார். குதிகால் வேறு தடிமன். கம்பெனி பூட்ஸ் அப்படி இருக்காது.

"ஏனப்பா இது? எதுக்கு இதப் போட்டுக்கினு கீழ போனே?"

எங்கள் அண்ணன் இருக்கிறானே, வாயில் வந்ததைச் சொல்லிவிடுவான். "தண்ணி காட்டறதுக்கு சார்," என்றிருக்கிறான்.

ஜமேதாருக்குத் தெரிந்த தண்ணி காட்டுதல் வேறு. போலீஸுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் திருடன் ஓட்டம் என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்தத் தண்ணி.

"யாருக்குடா தண்ணி காட்டுறே? எனக்கா? கேட்ல நின்னு எம் மொகத்துக்கு நேராவே சொல்றியா?" என்று குதித்துவிட்டார். இது என் தங்கச்சி பூட்ஸ், சக்கரம் வைத்து ஓடுவாள் என்று அண்ணன் சொன்னதும் சுற்றி நின்ற காவலாளிகள் சிரித்திருக்கிறார்கள். குதிகாலை அறுத்துப் பார்க்கிறோம், ஒன்றுமில்லை என்றால் போ என்றாராம் ஜமேதார். அண்ணன் விடவில்லை. பூட்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அறுக்க விடமாட்டேன் என்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? காலையில் ஆபீசர் முன்னால் அறுப்போம், அதுவரை ஷிப்ட் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சில வருடமாக மேலே, தங்கக் கல் அரைக்கிற மில்லில் வேலை பார்த்த நைனா வந்து எல்லாம் கேட்டார். அதிகம் பேசாத மனிதர்.

"அறுக்கட்டும் உடு," என்றார். "வேல போனா திரும்ப வராது. திருடன்னு பேரு வந்தா அதுவும் போவாது."

"அறுத்தா சனிக்கிழம இவ எதப் போட்டுக்கினு ஓடுவா?"

"அறுக்கச் சொல்லுண்ணா," என்றேன் நானும். "எனக்கு ஓட்டமே வேணாம்."

"நீ சும்மா இரு," என்று சீறினான். "இன்னும் ஒரு நாளு, படிஞ்சிடும். இந்த நேரத்துல அறுக்கறதா?"

அம்மா சோறு போட்டாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். நான் கட்டிலுக்கு அடியிலிருந்த தகர டப்பாவைத் திறந்து சக்கரத் தட்டு இரண்டையும் எடுத்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பையில் வைத்தேன்.

சிமெண்டுத் தரை

காலையில் அண்ணனோடு நானும் கிளம்பினேன். ரப்பர் செருப்பு அவன் காலில். வழியெல்லாம் முன்னங்காலை ஊன்றி ஊன்றி மெதுவாக நடந்தான். பயத்தில் கால் பின்னுகிறது பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டுக்குள் சிமெண்டு போட்ட பெரிய முற்றம். அந்தப் பக்கம் கேஜ். காலை ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் ஹெல்மெட்டும் விளக்குமாக நின்றார்கள். மேஜை மேல் என் பூட்ஸ். பக்கத்தில் ஒரு கத்தி. ஆபீசர் வடக்கத்திக்காரர், இளவயது, தூக்கக் கண்.

"சார், இது என் பூட்ஸ்," என்று பையைத் திறந்து சக்கரத்தை மேஜைமேல் வைத்தேன். "அந்த ஓட்டையில இது பொருந்தும், பாருங்க."

அண்ணன் திருகாணியைப் போட்டு முடுக்கினான். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. ஆபீசர் சக்கரத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். விர்ரென்று சுற்றியது.

ஜமேதார் விடுவாரா? "சக்கரம் யாரு வேணா கொண்டாரலாம் சார். இந்தப் பொண்ணு இதுல நிக்குமா கேளுங்க."

"ஓடிக் காட்டறேன்," என்றேன்.

தரையில் உட்கார்ந்து பூட்ஸுக்குள் கால் விட்டேன். சூடெல்லாம் ஆறிப் போயிருந்தது. ஈரமும் வாடையும் மட்டும் மிச்சம். கயிற்றை இறுக்கிக் கட்டி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தேன். வலிக்கும், வலித்தாலும் முகத்தில் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன்.

வலிக்கவில்லை.

முதல் தள்ளு, இரண்டாம் தள்ளு. குதிகால் இருக்கிற இடமே தெரியவில்லை. தோல் என் காலைப் பிடித்துக்கொண்டது, நான் திரும்பினால் அதுவும் திரும்பியது. சிமெண்டில் சக்கரம் கரகரவென்று கத்தியது. ஆள்வரவு பதிகிற டைம் ஆபீஸ் தூணைச் சுற்றி, கேஜ் வாசல் வரை போய், சாய்ந்து திரும்பி, மறுபடியும் தூண். அடி ஆத்தி, என்ன வேகம்! நான்தான் ஓடுகிறேனா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

கேஜ் மணி அடித்தது. ஒருத்தரும் ஏறவில்லை. மறுபடி அடித்தது. அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். தினமும் பூமிக்குள் மைல் கணக்கில் இறங்கி ஏறுகிறவர்கள், எதைக் கண்டும் அசராதவர்கள், ஒரு பெண்பிள்ளை தரையில் வழுக்கிப் போவதை அப்படிப் பார்த்தார்கள். யாரோ ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். இவர்கள் போகிற இடத்துக்குப் போய் வந்த பூட்ஸில் நிற்கிறேன் என்று நினைத்ததும் எனக்கும் நெஞ்சு விம்மியது.

நான் நின்றதும் ஜமேதார் கிட்டே வந்தார். "ஏனம்மா, விழவே மாட்டியா நீ?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினார். "பூட்ஸுக்குத் தண்ணி காட்டுறேன்னு மொத்தமா சொல்றதுக்கு இன்னாப்பா? பாதிய முழுங்கிட்டியே!"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஆபீசரும் சிரித்தார். கத்தியை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார். "இன்னிக்கு லீவு எடுத்துக்க, தங்கச்சியக் கூட்டிக்கினு போ," என்று அண்ணனை ஜமேதாரே அனுப்பிவைத்தார்.

ஒரே கால்

திரும்பி வரும்போது தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் மலையான சயனைடு மேட்டை ஒட்டிய பாதையில் வந்தோம். நான் பூட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலில் குதித்துக் குதித்து முன்னால் போனேன். வாய் ஓயவில்லை எனக்கு. வளைவில் எப்படித் திரும்பினேன் பார்த்தியா, யாரோ ஹெல்மெட்டைக் கழற்றினாங்களே பார்த்தியா என்று பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், அண்ணன் ரொம்பப் பின்னால் இருந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னங்காலில் தத்தித் தத்தி வந்தான்.

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் தோலே இல்லை. செக்கச்செவேல் என்று பச்சைப் புண். எனக்கு எந்த இடத்தில் உரிந்ததோ, அச்சு அசலாக அதே இடம்.

"இன்னாண்ணா இது?"

"ஒண்ணுமில்லமே. கொஞ்சம் முரண்டு புடிச்சிது. இப்போ சரியாயிட்சி."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ குடுப்பியா?" என்றான். "நட, பசிக்குது."

கேவிக் கேவி அழுதுகொண்டே வீடு வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "அழாதே, பாக்கறவங்க நெஜமாவே வேல போயிட்சின்னு நெனைப்பாங்க," என்று வழியெல்லாம் திட்டினான்.

சனிக்கிழமை இருபது சுற்றும் ஓடினேன். முதலாவதாக வந்தேன். மார்ஜரி மிஸ் என்னைப் பலகையில் உட்காரவைத்து, அவளே கயிற்றை அவிழ்த்து, சாக்ஸை உருவி, என் குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய காயம் ஆறிப் பொருக்குத் தட்டியிருந்தது. புதுசாக ஒரு கீறல்கூட இல்லை.

"இம்மாம் சீக்கிரம் எப்டி மேன் பழக்கினே? வலிக்கவே இல்லியா?" என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே அண்ணன் எக்கி எக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான், குதிகாலைத் தரையில் வைக்காமல்.